தங்கவயலிலிருந்து வைட்ஃபீல்டுக்கு ஒரு மின்கம்பி

120 ஆண்டுகளாக மின்சாரத்தைத் தொலைவிலிருந்து இழுத்துவரும் பெங்களூர், இன்னமும் டீசலை நம்பித்தான் நிம்மதியாகத் தூங்குகிறது. வேகமாக வளரும் ஒரு நாடு இதில் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது.

விடிந்தும் விடியாத நேரம். கோலார் தங்கவயலின் கடைசி நிலையமான மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குக் கிளம்பும் பாசஞ்சர் ரயிலில் உட்கார இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று அடுத்தடுத்து வரும் நிலையங்களின் பெயர்கள் எல்லாம் மூடிக் கிடக்கும் சுரங்கங்களின் பெயர்கள். பெட்டிக்குள் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ். தாத்தா பூமிக்குள் இறங்கிக் கூலி வாங்கினார். பேரன் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் நின்றுகொண்டே வந்து வைட்ஃபீல்டில் இறங்குகிறான். காவலாளியாக, லிஃப்ட் மெக்கானிக்காக, அலுவலகக் கேன்டீன் ஊழியராக, கணிப்பொறி முன் உட்காருபவராக.

அவர்களில் ஒருவர் வைட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஜெனரேட்டர் அறையைக் கவனித்துக்கொள்கிறார். பெயர் வேண்டாம் என்கிறார். அவருடைய தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். "கரண்ட் போனா பத்து செகண்டுல வண்டி எடுத்துக்கும் சார். மேலே இருக்கிறவங்களுக்குப் போனதே தெரியாது" என்று பெருமையாகச் சொல்கிறார். அவர் 'வண்டி' என்று சொல்வது, லாரி அளவுக்கு நிற்கும் டீசல் இயந்திரத்தை. பச்சை வண்ணம் பூசிய தகரக் கூண்டுக்குள் அது உறுமத் தொடங்கினால் பக்கத்தில் நின்று பேச முடியாது.

அவர் வேலை செய்யும் இந்த இடத்துக்கும் அவர் பிறந்த ஊருக்கும் இடையே ஒரு விசித்திரமான உறவு இருக்கிறது. இந்தியாவில் மின்சாரம் நெடுந்தூரம் பயணம் செய்து சென்று சேர்ந்த முதல் பெரிய வாடிக்கையாளர், அவருடைய தாத்தா வேலை பார்த்த தங்கச் சுரங்கம். அந்த வரிசையில் இன்று நிற்பது வைட்ஃபீல்ட். இரண்டுக்கும் நடுவே மின்சாரத்தின் அளவு ஆயிரம் மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. ஆனால் எங்கிருந்து எடுப்பது, யாருக்கு முதலில் கொடுப்பது என்ற பழக்கம் மட்டும் அதிகம் மாறவில்லை.

முதல் கம்பி

மைசூர் சமஸ்தானத்தின் திவானாக 18 ஆண்டுகள் இருந்த சர் கே. சேஷாத்ரி ஐயர், பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். காவிரி இரண்டாகப் பிரிந்து விழும் சிவசமுத்திரத்தில் மின் நிலையம் கட்டலாம் என்ற யோசனையை சமஸ்தானத்தின் பொறியாளர் ஜோலி டி லாட்பினியர் முன்வைத்தபோது, துணிந்து ஒப்புக்கொண்டவர் இவர்தான். தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. விழும் தண்ணீருக்குப் பக்கத்தில் மின்சாரத்தை வாங்க ஆளில்லை. பணம் கொடுத்து வாங்கக்கூடிய ஒரே வாடிக்கையாளர் சுமார் 147 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தார்: ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வகித்த கோலார் தங்கச் சுரங்கங்கள்.

1902 ஜூன் 30-ல் மின்சாரம் தங்கவயலைச் சென்றடைந்தது. அன்றைய உலகின் மிக நீளமான மின்பாதைகளில் அது ஒன்று. சேஷாத்ரி ஐயர் அதைப் பார்க்கவில்லை. 1901 செப்டம்பரிலேயே காலமாகிவிட்டார்.

வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் தங்கச் சுரங்கம், 1902-ல். அடுத்து பெங்களூர் நகரம், 1905-ல். சமஸ்தானத்தின் தலைநகரான மைசூரே 1908 வரை காத்திருந்தது. கம்பி கடந்துசென்ற கிராமங்களுக்கு அது தலைக்கு மேலே போன ஒரு கம்பி, அவ்வளவுதான். அவற்றில் பலவற்றுக்கு விளக்கு வர சுதந்திரத்துக்குப் பின்பும் பல ஆண்டுகள் ஆயின.

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கதையில் இன்னொரு சங்கதியும் உண்டு. கோடையில் காவிரியில் தண்ணீர் குறைந்தால் சிவசமுத்திரத்தின் சக்கரங்கள் தளர்ந்தன. சுரங்கங்களுக்கு ஒப்புக்கொண்ட மின்சாரத்தைத் தர முடியவில்லை. ஆண்டு முழுவதும் சீராகத் தண்ணீர் வர மேலே ஓர் அணை தேவைப்பட்டது. 1911-ல் விஸ்வேஸ்வரய்யா தொடங்கிவைத்த கிருஷ்ணராஜசாகர் அணையின் காரணங்களில் பாசனத்தோடு இதுவும் ஒன்று. சென்னை மாகாணம் ஆட்சேபித்தது. விவகாரம் நடுவரிடம் போய், கடைசியில் 1924-ல் ஓர் ஒப்பந்தமாக முடிந்தது. 1934-ல் மேட்டூர் அணை எழுந்தது. காவிரித் தகராறு என்றால் நெல் வயல்கள்தான் நம் நினைவுக்கு வரும். அதன் தொடக்கத்தில் ஒரு மின்சாரக் கம்பியும் இருந்ததைப் பலரும் மறந்துவிட்டோம்.

விழும் ஆறு, ஏறும் ஆறு

அந்தக் காவிரியை இன்று பெங்களூர் வேறு விதமாகவும் பயன்படுத்துகிறது. சிவசமுத்திரம் இருக்கும் அதே மளவள்ளி தாலுகாவில், தொரெகாடனஹள்ளியில், ஆற்று நீரைச் சுத்திகரித்து நகரத்துக்குப் பம்ப் செய்கிறார்கள். தூரம் சுமார் 100 கிலோமீட்டர். ஏற்றம் ஏறத்தாழ 500 மீட்டர். 1974-ல் முதல் கட்டம் தொடங்கியது. 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டம் திறக்கப்பட்டு, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாக வருகிறது. 2007-ல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டு, 17 ஆண்டுகள் காவிரிக் குழாய்க்குக் காத்திருந்த 110 கிராமங்களுக்காக முக்கியமாகக் கட்டப்பட்டது அது.

ஆக, ஆறு ஓரிடத்தில் விழுந்து மின்சாரம் கொடுக்கிறது. பக்கத்திலேயே மின்சாரத்தைத் தின்று மலையேறுகிறது. பெங்களூர் குடிநீர் வாரியத்தின் செலவுகளில் மிகப் பெரியது மின்சாரக் கட்டணம். குழாயைத் திறந்து வைத்துவிட்டுப் பல் தேய்ப்பவர் தண்ணீரை மட்டும் வீணாக்கவில்லை.

இதுதான் நகரங்களின் மின்சாரக் கணக்கில் எப்போதும் கண்ணுக்குத் தெரியாமல் போகும் பகுதி. விளக்கு, மின்விசிறி, ஏ.சி. ஆகியவை மீட்டரில் தெரிகின்றன. தண்ணீர் ஏறி வந்த செலவு தெரிவதில்லை. ஆழ்துளைக் கிணற்றை மேலும் ஆழப்படுத்தினால் கூடும் செலவு தெரிவதில்லை. 2024 கோடையில் வைட்ஃபீல்டின் ஆழ்துளைக் கிணறுகள் பல வற்றி, டாங்கர் லாரிகள் நாள் முழுவதும் தெருக்களை அடைத்து நின்றபோது, அது தண்ணீர்ப் பஞ்சம் என்றுதான் எல்லோரும் பேசினார்கள். லாரி ஓடியது டீசலில் என்பதால் அது எரிபொருள் பிரச்னையும்தான்.

சொந்த மின்சாரம், சொந்தத் தீவு

வைட்ஃபீல்ட் பிறந்ததே தனித் தீவாகத்தான். 1882-ல் மைசூர் மகாராஜா சாமராஜ உடையார் ஆங்கிலோ இந்தியக் குடியிருப்புக்காக 3,900 ஏக்கர் நிலம் கொடுத்தார். அதற்கு முயன்ற டி.எஸ். ஒயிட்டின் பெயரே ஊருக்கு வந்தது. ஓட்டு வீடுகளும் பழத்தோட்டங்களும் கொண்ட அந்த ஊர் நூறாண்டு காலம் அமைதியாகக் கிடந்தது.

1990-களில் நிலைமை மாறியது. பிரதமர் நரசிம்ம ராவும் சிங்கப்பூர் பிரதமர் கோ சோக் டோங்கும் பேசி, சிங்கப்பூர் நிறுவனங்கள், டாடா, கர்நாடக அரசு ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்து 69 ஏக்கரில் சர்வதேச தொழில்நுட்பப் பூங்காவைக் கட்டின. ஐ.டி.பி.எல். என்று ஊரார் சொல்லும் அந்த வளாகம் 1990-களின் பிற்பகுதியில் இயங்கத் தொடங்கியபோது, வெளிநாட்டு நிறுவனங்களை ஈர்க்க அது சொன்ன முக்கியமான விஷயங்களில் ஒன்று: எங்களுக்குச் சொந்த மின் நிலையம் இருக்கிறது. அரசு வாரியத்தின் மின்சாரத்தை நம்ப வேண்டாம் என்பதே ஒரு விற்பனைச் சரக்கானது.

அன்று ஒரு வளாகம் செய்ததை இன்று ஒவ்வொரு குடியிருப்பும் செய்கிறது. "100 சதவீத பவர் பேக்-அப்" என்ற வாசகம் இல்லாத அடுக்குமாடி விளம்பரம் வைட்ஃபீல்டில் அபூர்வம். மங்களூரிலிருந்து ஹாசன் வழியாக சுமார் 360 கிலோமீட்டர் ஓடிவரும் பெட்ரோலியக் குழாய் முடிவது வைட்ஃபீல்டுக்கு அடுத்து, தங்கவயல் ரயில் கடந்துவரும் தேவனகொந்தியில். எண்ணெய் நிறுவனங்களின் பெரிய கிடங்குகள் அங்கேதான் இருக்கின்றன. டீசல் ஏறக்குறைய வாசலுக்கே வந்துவிடுகிறது.

ஆனால் அது மலிவாக வருவதில்லை. ஒரு லிட்டர் டீசலை எரித்தால் மூன்று அல்லது மூன்றரை யூனிட் மின்சாரம் கிடைக்கும். லிட்டர் 90 ரூபாய் சுமாரில் விற்கும்போது யூனிட்டுக்கு எரிபொருள் செலவு மட்டுமே 25 ரூபாயைத் தாண்டுகிறது. அரசின் விநியோக நிறுவனமான பெஸ்காம் வீடுகளுக்கு விற்கும் விலை ஆறு ரூபாய் அளவில். நான்கு மடங்குக்கு மேல் கொடுக்க வைட்ஃபீல்ட் தயாராக இருக்கிறது. மாதத்தில் சில மணி நேரம்தானே என்பது சமாதானம். அந்தச் சில மணி நேரத்துக்காக வாங்கி நிறுத்திய இயந்திரங்களின் விலை, மூடிய கூண்டின் இடம், கக்கும் புகை இவை எதுவும் கணக்கில் வருவதில்லை. நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்கிறது என்பதும் வருவதில்லை.

இருட்டின் விலாசம்

மின்சாரம் போதாதபோது அதைப் பங்கிட வேண்டும். அப்போது யார் கை தாழ்கிறது என்பதை 2023 காட்டியது.

அந்த ஆண்டு பருவமழை பொய்த்தது. கர்நாடகத்தின் பெரும்பாலான தாலுகாக்கள் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அணைகளில் நீர் குறைந்ததால் நீர்மின்சாரம் சரிந்தது. மழை இல்லாததால் பம்புசெட்டுகள் கூடுதலாக ஓடின. மாநிலத்துக்குள் இருக்கும் தனியார் மின் நிலையங்கள் உற்பத்தியை வெளியே விற்காமல் மாநிலத்துக்கே தர வேண்டும் என்று மின்சாரச் சட்டத்தின் 11-வது பிரிவின் கீழ் அரசு உத்தரவிட்டது. அப்படியும் போதவில்லை. கிராமங்களில் பம்புசெட்டுக்கான மும்முனை மின்சாரம் கண்ட நேரத்தில் வந்து போனது.

அக்டோபரில் விஜயபுரா மாவட்டம் ரோணிஹாள் கிராமத்து விவசாயிகள் ஒரு முதலையைக் கயிற்றால் கட்டி டிராக்டரில் ஏற்றி மின் துணைநிலையத்துக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். இரவில் மின்சாரம் விட்டால் இரவில்தான் தண்ணீர் பாய்ச்சப் போக வேண்டும். வயலில் எங்களுக்காகக் காத்திருப்பது இதுதான் என்று அதிகாரிகளுக்குக் காட்ட. வனத்துறையினர் வந்து முதலையை மீட்டார்கள். செய்தி நாடு முழுவதும் சிரிப்போடு படிக்கப்பட்டது. அந்த விவசாயிகளுக்கு அது சிரிப்பு அல்ல.

அதே வாரங்களில் வைட்ஃபீல்டில் ஜெனரேட்டர் பத்து விநாடியில் ஓடத் தொடங்கிக்கொண்டிருந்தது. விவசாயிக்கு மின்சாரம் இலவசம். கர்நாடகத்தில் 10 எச்.பி. வரையான பம்புசெட்டுகளுக்குக் கட்டணமில்லை. நகரவாசிக்கு அது விலை உள்ளது, ஆனால் தடையில்லாதது. இலவசமாகக் கிடைப்பதைக் கேள்வி கேட்க முடியாத நிலையில் ஒருவர். காசு கொடுத்துத் தப்பித்துக்கொள்வதால் கேள்வி கேட்கத் தேவையில்லாத நிலையில் இன்னொருவர். இருவருக்கும் நடுவே, மின்வாரியம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்று கேட்பவர் எவருமில்லாமல் போனதுதான் இந்த ஏற்பாட்டின் பெரிய நஷ்டம்.

கண்ணாடி விளைந்த நிலம்

தங்கவயல் கம்பியின் இன்றைய வாரிசைப் பார்க்க பெங்களூரிலிருந்து வடக்கே மூன்று, நான்கு மணி நேரம் போக வேண்டும். தும்கூர் மாவட்டத்தின் பாவகடா தாலுகா ஆந்திர எல்லைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் வறண்ட பூமி. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. கடலை விதைத்தால் மூன்று ஆண்டில் ஒரு ஆண்டு கையில் காசு நின்றால் அதிகம். திருமணி உள்ளிட்ட கிராமங்களில் 13,000 ஏக்கர் பரப்பில் இன்று சூரியத் தகடுகள் விரிந்து கிடக்கின்றன. 2018 மார்ச்சில் முதல் பகுதி திறக்கப்பட்டது. 2019 இறுதியில் 2,050 மெகாவாட் முழுமையடைந்தது. உலகின் மிகப் பெரிய சூரிய மின் பூங்காக்களில் ஒன்று.

அணைகளுக்கும் அனல் நிலையங்களுக்கும் நிலம் எடுத்த விதத்தோடு ஒப்பிட்டால், இது எவ்வளவோ மேல். நிலத்தைப் பறிக்கவில்லை, குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்று தொடங்கி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீதம் கூட்டித் தருகிறார்கள். நிலம் விவசாயியின் பெயரிலேயே இருக்கிறது. மழையை அண்ணாந்து பார்க்காமல் வரும் வருமானம். பத்து, இருபது ஏக்கர் வைத்திருந்தவர் வீடு கட்டினார், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்.

ஆனால் நிலமில்லாதவருக்குக் குத்தகை இல்லை. களை எடுத்தவர், கடலை பறித்தவர், ஆடு மேய்த்தவர் ஆகியோருக்கு அந்த நிலம் யார் பெயரில் இருந்தாலும் அதுதான் பிழைப்பு. வேலி போட்டபின் அவர்களுக்குக் கிடைத்தது, தகடு துடைப்பது, புல் வெட்டுவது, காவல் நிற்பது என்று எண்ணி எடுக்கக்கூடிய சில வேலைகள். மற்றவர்கள் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். பெரும்பாலும் பெங்களூருக்குத்தான். மின்சாரம் போன அதே திசை.

நிலக்கரியைவிட வெயில் நல்லது என்பதில் இரண்டு கருத்து இல்லை. கர்நாடகத்தில் நிலக்கரியே கிடையாது. 1985-ல் ஓடத் தொடங்கி இன்று 1,720 மெகாவாட் திறனுள்ள ராய்ச்சூர் அனல் நிலையத்துக்குக் கரி தெலங்கானா, மகாராஷ்டிரம், ஒடிசாவிலிருந்து ரயிலில் வர வேண்டும். ஆனால் வெயிலும் ஒரு வளம்தான். யாருடைய நிலத்தில் விழும் வெயில், அதில் அவருக்கு என்ன பங்கு என்ற கேள்வி நிலக்கரிக்கும் தங்கத்துக்கும் எழுந்ததைப் போலவே இதற்கும் எழுகிறது. தங்கவயலில் 800 டன் தங்கம் எடுத்த பின், 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடினார்கள். எடுத்தவர்களுக்கு மிஞ்சியது கழிவு மண் மேடுகளும் விடியற்காலை ரயிலும்.

ரெட்டி போட்ட கணக்கு

"இன்னும் எவ்வளவு மின்சாரம் வேண்டும்?" என்பதுதான் எல்லா அரசுகளும் கேட்கும் கேள்வி. கேள்வியே தவறு என்று சொன்ன ஒருவர் பெங்களூரில் இருந்தார். இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் அமுல்ய ரெட்டி.

1987-ல் கர்நாடக அரசின் குழு ஒன்று 2000-ஆம் ஆண்டு வரைக்குமான மின் திட்டத்தைத் தயாரித்தது. பழைய வளர்ச்சி வேகத்தை அப்படியே நீட்டி, இத்தனை நிலக்கரி நிலையம், இத்தனை அணை, அணு உலை என்று பட்டியல் போட்டது. அத்தனையும் கட்டினாலும் பற்றாக்குறை தீராது என்றும் அதுவே ஒப்புக்கொண்டது. ரெட்டியும் அவர் சகாக்களும் மறுபக்கத்திலிருந்து கணக்கைத் தொடங்கினார்கள். மக்களுக்கு வேண்டியது யூனிட் அல்ல. வெளிச்சம், வெந்நீர், வயலுக்குத் தண்ணீர், ஓடும் இயந்திரம். அந்தச் சேவையைக் குறைந்த மின்சாரத்தில் தர வழி இருக்கிறதா?

இருந்தது. குண்டு பல்புக்குப் பதில் சிக்கன விளக்கு, குளியலறை ஹீட்டருக்குப் பதில் கூரைமேல் சூரிய வெந்நீர்க் கலம், நல்ல பம்புசெட், சிறு நீர்மின் நிலையங்கள், கரும்பாலைச் சக்கையிலிருந்து மின்சாரம். எல்லா வீடுகளுக்கும் மின் இணைப்பு என்பதையும் சேர்த்தே போட்ட அந்தக் கணக்கில், குழு கேட்டதில் பாதிக்கும் குறைவான உற்பத்தித் திறன் போதுமானதாக இருந்தது. செலவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

அரசு அந்த வழியில் போகவில்லை. 1990-களில் நாடு முழுவதும் அடித்த 'ஃபாஸ்ட் டிராக்' அலையில், மத்திய அரசு முன்னுரிமை கொடுத்த எட்டுத் தனியார் திட்டங்களில் ஒன்றாக மங்களூர் அருகே கோஜென்ட்ரிக்ஸின் 1,000 மெகாவாட் அனல் நிலையம் வந்தது. வழக்குகளிலும் உத்தரவாதப் பேச்சுகளிலும் ஆண்டுகள் ஓடி, 1999 டிசம்பரில் அந்த அமெரிக்க நிறுவனம் விலகிக்கொண்டது. அதே பட்டியலில் இருந்த என்ரானின் தாபோல் நிலையம் 2001-ல் நின்றுபோனது நாடறிந்த கதை.

ரெட்டி 2006-ல் காலமானார். அவர் சொன்னது சரி என்பதை நாடு பிற்பாடு பகுதி பகுதியாகக் கண்டுகொண்டது. 2015-ல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் விநியோகமாயின. மொத்தமாக வாங்கியதில் 310 ரூபாய் அளவில் இருந்த பல்பின் கொள்முதல் விலை இரண்டே ஆண்டுகளில் 40 ரூபாய்க்குக் கீழே இறங்கியது. புது வீடுகளில் சூரிய வெந்நீர்க் கலத்தைக் கட்டாயமாக்கியதால் பெங்களூரின் கூரைகளில் அது சாதாரணக் காட்சியாகிவிட்டது. இதற்கெல்லாம் ஓர் ஊரையும் மூழ்கடிக்க வேண்டியிருக்கவில்லை.

மீண்டும் ஷராவதி

இன்று நாட்டின் மின்கணக்கு மாறியிருக்கிறது. 2024 மே மாதத்தில் இந்தியாவின் உச்சத் தேவை 250 கிகாவாட்டைத் தொட்டது. கர்நாடகத்தின் உச்சத் தேவை அதே ஆண்டில் 17,000 மெகாவாட்டைத் தாண்டியது. 2025 நடுவில் நாட்டின் நிறுவப்பட்ட திறனில் பாதி, நிலக்கரி, எரிவாயு, டீசல் அல்லாத வழிகளிலிருந்து வருவதாக அரசு அறிவித்தது. ஆனால் திறன் வேறு, உற்பத்தி வேறு. வெயில் பகலில் மட்டும். காற்று பருவத்தில் மட்டும். உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்னும் நிலக்கரிதான். 2024-25-ல் நாடு வெட்டிய நிலக்கரி முதன்முறையாக 100 கோடி டன்னைக் கடந்தது.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறக்கக் கூடாது. ஓர் இந்தியர் சராசரியாக ஆண்டுக்குச் செலவிடுவது 1,400 யூனிட் சுமார். உலக சராசரியில் பாதிக்கும் குறைவு. இந்த நாட்டுக்கு இன்னும் மின்சாரம் வேண்டும். சிக்கனம் என்ற சொல்லை இருட்டில் இருப்பவரிடம் சொல்ல முடியாது. ஆகவே கேள்வி, வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. பகலில் மிஞ்சும் வெயிலை மாலைக்கு எப்படிக் கொண்டுபோவது என்பது.

அதற்குக் கர்நாடக மின் கழகம் கண்டிருக்கும் பெரிய விடை, ஷராவதியில் 2,000 மெகாவாட் நீரேற்று மின் திட்டம். பகலில் உபரி மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி, மாலையில் கீழே விட்டு மின்சாரம் எடுப்பது. தத்துவம் சரி. இடம்தான் பிரச்னை: மேற்குத் தொடர்ச்சி மலையில், சிங்கவால் குரங்குகளின் சரணாலயத்துக்குள். சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் உள்ளூர் மக்களும் எதிர்க்கிறார்கள்.

உள்ளூர் மக்களின் எதிர்ப்புக்குப் பழைய வடு ஒன்று காரணம். 1964-ல் கட்டி முடிந்த லிங்கனமக்கி அணை, 1,035 மெகாவாட் ஷராவதி நிலையத்துக்காக அவர்களின் பள்ளத்தாக்கை மூழ்கடித்தது. பெங்களூரின் தொழிற்சாலைகள் நெடுங்காலம் அந்த மலிவான மின்சாரத்தில் ஓடின. வீடு இழந்து மேட்டுக் காட்டில் குடியேற்றப்பட்ட குடும்பங்களில் பலவற்றுக்கு, அறுபது ஆண்டுகள் கழிந்தும் குடியிருக்கும் நிலத்துக்குப் பட்டா இல்லை. முதல் கடனைத் தீர்க்காமல் அதே வாசலில் இரண்டாம் கடன் கேட்டு நிற்கிறது அரசு.

பக்கத்திலேயே இருப்பது

அப்படியானால் வழி? சில வைட்ஃபீல்டிலேயே இருக்கின்றன.

முதலாவது, கூரைகள். ஐ.டி. வளாகங்களின் தேவை பகலில்தான் அதிகம், ஏ.சி. ஓடும் நேரமும் வெயில் அடிக்கும் நேரமும் ஒன்றே. கூரைமேல் விளையும் யூனிட்டுக்கு 400 கிலோ வோல்ட் கோபுரம் வேண்டாம், குத்தகை நிலம் வேண்டாம். இரண்டாவது, டீசல் இயந்திரங்களின் இடத்தில் பாட்டரி. அதன் விலை கடந்த பத்தாண்டுகளில் பெருமளவு சரிந்திருக்கிறது. மாதத்தில் சில மணி நேரமே ஓடும் ஜெனரேட்டர் மற்ற நேரமெல்லாம் சும்மா நிற்கிறது; பாட்டரியோ தினமும் பகல் வெயிலை வாங்கி மாலை உச்சத்தில் திருப்பிக் கொடுக்கும். வைட்ஃபீல்டின் நூற்றுக்கணக்கான கூண்டுகளும் சேர்ந்தால் அதுவே ஒரு சிறு மின் நிலையம்.

மூன்றாவது, நேரத்துக்கு ஏற்ற விலை. பகல் வெயில் நேரத்தில் கட்டணத்தைக் குறைத்து, மாலை உச்சத்தில் கூட்ட வேண்டும் என்று மத்திய அரசு 2023-ல் விதிகளைத் திருத்தியது. மீட்டர்கள் மாறி, அரசியல் துணிவும் வந்தால்தான் அது வீட்டு வாசலுக்கு வரும். 2023 ஆகஸ்டில் தொடங்கிய கிருஹஜோதி திட்டத்தில் கர்நாடக வீடுகளுக்கு 200 யூனிட் வரை இலவசம். ஏழை வீட்டில் விளக்கு அணையாமல் இருக்க அது உதவுகிறது. வைட்ஃபீல்டின் சிக்கனமான அடுக்குமாடிக்காரரும் அதே சலுகையை அனுபவிக்கிறார் என்பதையும் யாராவது ஒரு நாள் பேசியாக வேண்டும்.

நான்காவது, பங்கு. 2008-ன் தேசிய நீர்மின் கொள்கை ஒரு நல்ல முன்மாதிரியைக் காட்டியது: திட்டத்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாதம் 100 யூனிட் வீதம் 10 ஆண்டுகளுக்கு இலவச மின்சாரம், உள்ளூர் வளர்ச்சிக்கென்று கூடுதலாக ஒரு சதவீத மின்சாரம். இதே நியாயத்தை வெயிலுக்கும் காற்றுக்கும் விரிப்பதில் தடை என்ன? பாவகடாவின் ஆடு மேய்ப்பவருக்கும் அந்தத் தகடுகளில் ஒரு பங்கு உண்டு என்று எழுதிவைத்தால், அடுத்த பூங்காவுக்கு நிலம் கேட்டுப் போகும் அதிகாரிக்கும் வேலை எளிதாகும்.

இவை எதுவும் அணைகளையும் பூங்காக்களையும் முற்றிலும் தேவையற்றவை ஆக்கிவிடாது. ஆனால் தொலைவில் ஒரு கிராமத்திடம் கேட்பதற்கு முன், பக்கத்தில் இருப்பதை எடுத்தாயிற்றா என்ற கேள்விக்கு விடை சொல்ல வைக்கும். 1902-ல் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை; மாற்று வழியும் இல்லை. இன்று இரண்டும் இருக்கின்றன.

மாலை. ஜெனரேட்டர் அறைக்காரருக்கு வேலை முடிகிறது. இரவு ஷிஃப்ட் ஆளிடம் சாவியையும் டீசல் அளவு எழுதிய நோட்டையும் ஒப்படைத்துவிட்டு ரயில் நிலையத்துக்கு நடக்கிறார். உங்கள் ஊரில் கரண்ட் எப்படி என்று கேட்டால் சிரிக்கிறார். "இந்தியாவுக்கே மொதல்ல கரண்ட் பார்த்த ஊரு சார் எங்களுது. இப்ப போச்சுன்னா, வர்றப்ப வரும்."

அவர் வீட்டில் ஜெனரேட்டர் இல்லை. மெழுகுவர்த்தியும் பழைய எமர்ஜென்சி விளக்கும் இருக்கின்றன. ரயில் கிளம்புகிறது. ஜன்னலுக்கு வெளியே வைட்ஃபீல்டின் கண்ணாடிக் கட்டடங்கள் எல்லா மாடிகளிலும் விளக்கெரியப் பின்னால் நகர்கின்றன.